ஊர் வயிற்றைத் தடவிய கை

வன்னியம்பட்டியில் யாருக்கு வயிறு வலித்தாலும் விளக்கெண்ணெயோடு என்னிடம்தான் வருவார்கள். குடல் ஏறியிருக்கிறது என்று அழுத்தித் தடவிவிடுவேன். எழுத்து தெரியாவிட்டாலும் என் கைக்கு எல்லாம் தெரியும் என்று பெருமை.

போன மாதம் எனக்கே இடப்பக்கம் அடிவயிற்றில் வலி, காய்ச்சல். மூன்று நாள் நானே அழுத்தித் தடவினேன். வலி கூடியதுதான் மிச்சம். மகள் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மாவுக்கு என் பேத்தி வயசுதான். மூக்குத்தி அத்தனை அழகு.

"ஆச்சி, பெருங்குடல்ல சின்னச் சின்னப் பை மாதிரி பிதுங்கி, வீங்கிப் புண்ணாயிருக்கு. வயித்த இப்படி யாரு அமுக்கினது?"

"நாந்தான் தாயி. ஊருக்கே நாந்தான் தடவுவேன்."

"ஐயோ! அது வெடிச்சிருந்தா உசுரே போயிருக்கும்."

என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். இந்தக் கையால் எத்தனை பேர் வயிற்றை அமுக்கியிருக்கிறேன்!

மருந்தும் கஞ்சித் தண்ணீருமாக ஐந்து நாளில் வலி விட்டது. அந்தக் கஞ்சி கல்யாணச் சாப்பாடாக ருசித்தது. பிழைத்த சந்தோஷத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினால், வாசலில் பக்கத்துத் தெரு மேரி, எண்ணெய்க் கிண்ணத்தோடு.

"செத்த நேரம் தடவிவிடுங்க ஆச்சி. ரெண்டு நாளா வலி தாங்கல."

"ஏட்டி, கிண்ணத்தக் கீழ வையி. உள்ள என்ன இருக்குன்னு என் கைக்குத் தெரியாதுட்டி. வா, ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன்."

"ஒங்களுக்கு என்ன கிறுக்கா ஆச்சி?"

"இம்புட்டு நாளா இருந்துச்சு. இப்பதான் தெளிஞ்சுச்சு."

அதே ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். வழியெல்லாம் மேரி என் கையைத் தன் வயிற்றுக்கு இழுத்துக்கொண்டே வந்தாள். நான் அவள் விரல்களை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.