ஓகஸ்டில் நட்ட தக்காளி

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ரோவிலில் பரராஜசிங்கத்தைக் கேட்காமல் எங்கள் ஆட்கள் தக்காளி நடுவதில்லை. கடைசி உறைபனி எப்போது விழும், அதன்பின் செடி காய்க்க எத்தனை மாதம் கிடைக்கும் என்று வருடாவருடம் கணித்துச் சொல்வார். இங்கே ஓகஸ்ட் குளிர்காலம்; நவம்பருக்கு முன் ஒருவரையும் நட விடமாட்டார்.

இந்த ஓகஸ்டில் ஒரு காலை அவரே கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தார். மனைவி சிவனேஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“இன்னும் பனி கொட்டுமெல்லோ, இப்ப ஏன் நடுறியள்?”

“பனியெல்லாம் முடிஞ்சுது. நீர் குசினியில சமையலைப் பாரும்.”

அந்தக் கிழமையே ஒருநாள் விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. வெயில் ஏற, கன்றுகள் கறுத்துத் தொங்கின. பரராஜசிங்கம் வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மனைவியிடம் கேட்டார்.

“ஆர் இதை இப்ப நட்டது?”

விளையாடுகிறாரோ என்று சிவனேஸ்வரி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை.

“நான்தான்,” என்றாள்.

“எத்தினை தரம் உமக்குச் சொன்னனான்,” என்று மெல்லக் கடிந்தபடி, பட்ட கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார்.

அவள் உள்ளே போய், அவரை டொக்டரிடம் கூட்டிப்போக நாள் கேட்டுப் போன் எடுத்தாள். பேசி முடித்து ஜன்னலால் பார்த்தபோது, நாற்றுத் தட்டில் மிஞ்சியிருந்த கன்றுகளை அவர் அதே பாத்தியில் கவனமாக நட்டுக்கொண்டிருந்தார்.