சுக்கானுக்கு இழுத்த கம்பி

சைக்கிள் பிரேக் கம்பியைவிடக் கொஞ்சம் தடிமனான அந்த இரண்டு கம்பிகளும் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

தொண்ணூறுகளில் மச்சான், அதாவது என் ராத்தாவின் கணவர், வளைகுடாவில் லாரி பழுதுபார்க்கும் வேலையை விட்டு வந்து, தாமிரபரணிக் கரையில் ஒரு பழைய நெல் கிட்டங்கியில் ஒற்றை ஆள் விமானம் கட்டினார். எனக்குப் படிப்பு குறைவு. பிடி என்றால் பிடிப்பேன். மச்சான் காயல்பட்டினத்துக்காரர், சிறுவயதிலேயே தோணி ஓட்டியவர். விமானத்தின் வாலில் திரும்பும் பலகையையும் சுக்கான் என்றே சொல்வார். காலால் மிதிக்கும் இரண்டு கட்டைகளிலிருந்து அதற்குக் கம்பி இழுக்கவேண்டும். தபாலில் வந்த வரைபடத்தில் கம்பிகள் நேராக இருந்தன.

"படம் போட்டவன் தோணி விட்டிருக்கமாட்டான் மாப்பிளே. வலப்பக்கம் போகணும்னா சுக்கானை இடப்பக்கம்லா தள்ளணும்" என்றார் மச்சான்.

நானும் நம்பினேன். பிஸ்மில்லாஹ் சொல்லி, கம்பிகளைக் குறுக்காக மாற்றி இழுத்து, முனைகளை வளையமாக நசுக்கினோம். இனி வெட்டினால்தான் கழற்ற முடியும்.

தேநீர் கொண்டுவந்த ராத்தா வலது கட்டையை மிதித்துப் பார்த்தாள். பலகை இடப்பக்கம் போனது. முதல் நாளிலிருந்தே அவளுக்கு இந்த விமானம் என்றால் ஈரக்குலை நடுங்கும்.

"தோணியில நீங்க தள்ளுதது கைப்பிடியத்தான? தண்ணிக்குள்ள கிடக்க பலகை எங்கன போவும்?"

மச்சான், அங்கே இல்லாத கைப்பிடி ஒன்றைப் பிடித்ததுபோல் இடப்பக்கம் தள்ளினார். கை அந்தரத்தில் நின்றது.

"வலப்பக்கம்" என்றார் பைய. பிறகு, "புதுக் கம்பி பம்பாயிலிருந்துலா வரணும். மாத்தி மிதிச்சுப் பழகிக்கிடுதேன்."

"உசுரு பதறுத நேரத்துல காலு பழக்கத்தையா கேட்டுக்கிட்டு நிக்கும்? வெட்டுங்க. இல்லைன்னா என்னையும் முதுகுல கட்டிக்கிட்டுப் பறங்க."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன். அவர் எழுந்து போய் வெட்டிரும்பை எடுத்துவந்தார்.

புதுக் கம்பிகளை நேராக இழுத்தோம். அடுத்த கோடையில், சாத்தான்குளம் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு குளத்திலிருந்து விமானம் எழும்பியது. ராத்தா கண்ணை இறுக மூடி ஓதிக்கொண்டிருந்தாள்.

"ஏலே, வலப்பக்கமாத் திரும்புதாரா?"

"திரும்புதாரு ராத்தா."

சக்கரம் தரையில் உருளும் சத்தம் கேட்ட பிறகே அவள் கண்ணைத் திறந்தாள்.

சென்ற ஆண்டு மச்சான் மவுத்தானார். வயதாகி, வீட்டுக் கட்டிலில், ராத்தா கையால் தண்ணீர் குடித்துவிட்டு. அழுகைக்கு நடுவிலும் இறைவனைப் புகழ்ந்து அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசவில்லை.