வாய்க்குள் முட்டையா, வயிற்றில் நோயா

ஒன்றை அறிந்துகொள்ளத் தொட்டால் அது அழிந்துபோகும் என்றால், தொடாமல் எவ்வளவு காலம் பயந்துகொண்டிருக்கலாம்? மருதமுனை நாச்சியாவின் ஒரு நோன்பு மாதம் இந்தக் கேள்விக்குள்தான் கிடந்தது.

அவரைத் துணிச்சல்காரி என்று எழுத முடியாது. இடி இடித்தால் வீட்டில் உள்ள எல்லா சுவிட்சையும் நிறுத்துவார். கணவர் றிபாஸின் ஓட்டோ வரப் பிந்தினால் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார். அப்படிப்பட்டவர் முன்னறையில் கண்ணாடித் தொட்டிகள் வைத்து மீன் வளர்த்து விற்றார். கெட்டிக்காரி என்றும் சொல்லமாட்டேன். கவனமானவர், அவ்வளவுதான்.

மஞ்சள் சிக்லிட் மீனில் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். குஞ்சுகள் நீந்தும்வரை தீன் தின்னாது. தாடையின் கீழ்ப்பக்கம் உப்பி நிற்கும். வாய் முழுதாக மூடாது. இடையிடையே மெல்லுவதுபோல முட்டைகளைப் புரட்டும். ஆனால் வயிறு வீங்கும் நோய் வந்த மீனும் தின்னாது, ஒதுங்கித்தான் நிற்கும். முந்திய மாரியில் அப்படி ஒதுங்கிய ஒன்று முட்டை வைத்திருக்கிறது என்று நம்பி நாச்சியா காத்திருந்தார். ஒரு கிழமைக்குள் அந்தத் தொட்டி முழுவதும் செத்து மிதந்தது. மஞ்சள் மீனில் அவருக்கு மிஞ்சியது ஒரே தொட்டி.

நோன்பு மாதத்தில் அவருக்கு ஒரு பழக்கம். தான் பட்டினி கிடக்கும் பகலில் மீன்களுக்கும் தீன் போடமாட்டார். நோன்பு திறந்து, கஞ்சிக் கோப்பைகளைக் கழுவிவிட்டு, இரவுத் தராவீஹ் தொழப் புறப்படும் அவசரத்தில் தூவிவிட்டுப் போவார். எது தின்றது, எது தின்னவில்லை என்று நின்று பார்ப்பதில்லை. அதனால், பெரிய பெட்டை மீன் கல்லுக்குப் பின்னால் தலையை மூலைக்குள் வைத்து நிற்பதைக் கண்ட அன்று, அது எப்போதிருந்து தின்னாமல் நிற்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணுக்குப் பட்டது வால் மட்டும்.

“வலையால அள்ளிப் பாத்தாத் தெரிஞ்சிரும்தானே?” என்றார் றிபாஸ்.

“வெருண்டா முட்டைய விழுங்கிரும்.”

“அப்ப மருந்தப் போடு.”

“முட்டை இரிந்தா அது பழுதாப் போயிரும்.”

“அப்ப சும்மா இரி.”

“நோயெண்டா எல்லாம் செத்திரும்.”

“இது மீனில்ல புள்ள, எங்கட உம்மா. எதச் செஞ்சாலும் குத்தம்.”

தங்கை ஆகிலா வந்து கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள். “ராத்தா, உங்கட மீனும் நோன்பு போல. வாயில முட்டைய வெச்சிரிந்தா நோன்பு முறியாதா?”

“வெச்சிரிந்தா முறியாது. விழுங்கினாத்தான் முறியும்.”

ஆகிலா சிரித்தாள். நாச்சியாவால் முடியவில்லை. அவர் கையில் மருந்துப் போத்தல் இருந்தது. மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

அடுத்த நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு, எந்த நோன்பிலும் செய்யாததைச் செய்தார். பட்டப்பகலில் தீன் தூவினார். மற்ற மீன்கள் பாய்ந்து வந்தன. கொஞ்சம் பிந்தி அந்தப் பெட்டையும் கல்லைவிட்டு வெளியே வந்தது. தீன் முகத்துக்கு நேரே விழுந்தது. அது வாய் வைக்கவில்லை. வயிறு ஒட்டியிருந்தது. தொண்டை பை போலத் தொங்கியது. வாய் மென்றது, தீன் எடுக்காமலே.

“அல்லாஹ்வே, முட்டைதான்,” என்று நாச்சியா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பயம் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. முன்பு நோய்க்குப் பயந்தவர் இப்போது கதவுச் சத்தத்துக்குப் பயந்தார். முன்னறையில் உரத்துக் கதைக்க யாருக்கும் அனுமதியில்லை. றிபாஸ் விடிய ஓட்டோவை ரோட்டுவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் பண்ணினார். நாச்சியா பகலிலும் பத்துத் தடவை எட்டிப் பார்த்து, அது இன்னும் மெல்லுகிறதா என்று உறுதிசெய்துகொள்வார்.

பெருநாளுக்கு முதல் நாள் கல்லைச் சுற்றிக் குஞ்சுகள் நீந்தின. தாய் முதல்முறையாகத் தீன் தின்றது.

பெருநாளன்று ஆகிலா வட்டிலப்பத்தோடு வந்தாள். நாச்சியா வலையை எடுத்து, தயங்காமல் ஒரே அள்ளில் தாய் மீனைப் பிடித்து, வாளியில் விட்டு, தங்கையின் கையில் கொடுத்தார்.

“ராத்தா, இது என்னத்துக்கு எனக்கு? இதுக்குத்தானே இந்தப் பாடு பட்டீங்க?”

“கொண்டு போ. இது இன்னொருக்கா ஒதுங்கி நிண்டா எனக்குத் தாங்கேலா,” என்றார் நாச்சியா. குஞ்சுகளைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.