பதினைந்து வருஷம் திருகாத வால்வு

எங்கள் சபையில் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்கு நடுவில் யாரும் எழுந்து போகமாட்டார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்போம். கைப்பேசியை அணைத்துப் பையின் அடியில் போட்டுவிடுவோம். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பங்கள் நாங்கள். இந்தியும் தெலுங்கும் கலக்காமல் எங்களுக்கு ஒரு வாக்கியம் வராது. அந்த மூன்று மணி நேரம் மட்டும் சுத்தத் தமிழும் வெள்ளைப் புடவையுமாக அசையாமல் இருப்போம். அந்த வருஷம் போதகர் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதற்கு வந்து தாகத்தைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், திருமுல்கேரியில் என் வீட்டுக் கூடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

காரணம் நான்தான். எங்கள் காலனியில் குடிதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். எத்தனை மணிக்கு என்பது யாருக்கும் தெரியாது. அதனால் எல்லார் வீட்டிலும் ஒரு பழக்கம் உண்டு. சமையலறைக் குழாயைத் திறந்து, அடியில் டிரம்மை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் ஓடி வருவோம். வியாழக்கிழமை வரவேண்டிய தண்ணீர் வரவில்லை. நான் குழாயை மூட மறந்து மறுநாள் கோவிலுக்குப் புறப்பட்டுவிட்டேன். போதாததற்கு, கரப்பான் பூச்சி ஏறி வரக்கூடாது என்று சமையலறைத் தரையில் தண்ணீர் போகிற ஓட்டையின் கம்பித் தட்டை, எங்கள் பேச்சில் ஜாலியை, துணியால் அடைத்து, மேலே ஒரு செங்கல்லையும் வைத்திருந்தேன். வெள்ளத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு யாராலும் செய்ய முடியாது.

எதிர்வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். என் பூட்டிய கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் தெருவுக்கு வருவதைப் பார்த்து ஓடி வந்திருக்கிறார். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மெயின் வால்வைத் திருகினால் வீட்டுக்குள் வருகிற தண்ணீர் நின்றுவிடும். அவர் திருகினார். அது அசையவில்லை. ஸ்பேனர் போட்டு இழுத்தார். கைப்பிடி மட்டும் தனியாகக் கழன்று அவர் கையோடு வந்தது. நான் மூன்றரை மணிக்கு வந்து கதவைத் திறந்து குழாயை மூடிய பிறகு அந்தக் கைப்பிடியை என்னிடம் நீட்டி மன்னிப்புக் கேட்டார், பாவம்.

வீடு கட்டியபோது வைத்த வால்வு அது. பதினைந்து வருஷத்தில் ஒருமுறைகூட அதை யாரும் மூடித் திறந்ததில்லை. என் கணவர் உயிரோடு இருந்தவரை அவருக்கு ஒரே சட்டம்தான்: ஓடிக்கொண்டிருக்கிற எதையும் தொடாதே. மின்விசிறி, மோட்டார், குழாய், எல்லாவற்றுக்கும் அதே சட்டம். அவர் போய் இரண்டு வருஷம் ஆன பிறகும் நான் அதைக் கட்டிக்காத்துக்கொண்டிருந்தேன். வழித்துக் கொட்டுகிற துணியோடு குனிந்து நிமிர்ந்து தரையைத் துடைத்த அந்தச் சாயங்காலம், அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செத்தவர் மேல் அவ்வளவு கோபம் வருமென்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

மறுநாளே பெங்களூரிலிருந்து என் மகன் வந்துவிட்டான். ஒரே பிள்ளை. உப்பிப்போன அலமாரிக் கதவை இழுத்துப் பார்த்தான். திறக்கவில்லை.

“போதும்மா. இனிமே தனியா இருக்கிறது நக்கோ, வேணாம். வீட்டைக் குடுத்துட்டு என்கூட வந்துரு.”

“ஒரு நாள் மறந்துட்டேன்லே. அதுக்கு வீட்டையே விக்கணுமா?”

“மறக்கிறதுதான் பிராப்ளமே.”

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு மறதி வந்துவிட்டது என்று அவன் முடிவுகட்டிவிட்டான். நான் கோபத்தில் ஒரு வாக்குக் கொடுத்தேன். “இன்னொரு தடவ வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னா, நானே பெட்டியக் கட்டிட்டு வாறேன்.” வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் நான் தேர்ந்தவள்.

அவன் ஊருக்குப் போன மறுநாள் பிளம்பரை அழைத்து அந்த வால்வை மாற்றினேன். அவர் வேலை செய்தபோது பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கழற்றிய பழைய வால்வுக்குள்ளே வெள்ளையாக உப்பு கல்லாகப் படிந்திருந்தது. மாதம் ஒருமுறை முழுக்க மூடித் திறந்திருந்தால் இது இப்படி இறுகியிருக்காது என்றார். முழுக்கத் திறந்த பிறகு கால் சுற்று பின்னால் திருப்பி விடவேண்டும் என்பதையும் அவரே சொன்னார். சிக்காமல் இருக்குமாம். பதினைந்து வருஷம் கணிதம் சொல்லிக்கொடுத்தவளுக்குக் கால் சுற்றுக் கணக்கு புரியாதா?

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலை வீட்டைச் சுற்றி வருவேன். கேட் வால்வு, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு இறங்குகிற குழாயில் கொல்லைப்புறம் இருக்கிற வால்வு, குளியலறை வால்வு எல்லாவற்றையும் மூடித் திறப்பேன். சிங்க்குக்கு அடியில் செய்தித்தாளை விரித்துவைத்து மறுநாள் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பேன். துளிக் கசிவு இருந்தாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் முள் நகர்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்து பார்ப்பேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பில் அடைத்துப்போகிற குழாய் முனைச் சல்லடையைக் கழற்றி வினிகரில் ஊறப்போடுவேன். வாணலி எண்ணெயைத் தாளில் துடைத்துக் குப்பையில் போடாமல் எதையும் சிங்க்கில் கழுவுவதில்லை. செங்கல் தோட்டத்துக்குப் போய்விட்டது. ஜாலிக்கு வலை வைத்தேன்.

ஹார்டுவேர் கடைக்காரர் முதலில் என்னை நம்பவில்லை. வாஷரும் குழாய் மரையில் சுற்றுகிற நூல் டேப்பும் கேட்டால், “கைக்கு அம்மா? பிளம்பர் கோ புலாவ் நா,” என்பார், எதற்கு, பிளம்பரைக் கூப்பிடுங்களேன் என்று. பிளம்பரைக் கூப்பிடத்தான் போகிறேன், கூப்பிடுவதற்கு முன் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியவேண்டும் என்று எனக்கு வந்த இந்தியில் சொன்னேன். மூன்றாவது முறை போனபோது அரை அங்குலமா முக்கால் அங்குலமா என்று மட்டும் கேட்டார். அந்தச் சந்தோஷத்தில் வேண்டாத ஒரு ஸ்பேனரையும் வாங்கி வந்தேன்.

அந்த ஸ்பேனர்தான் என் காலை வாரிவிட்டது. டிசம்பரில் மகன் வந்தான். கூடவே மல்லாபூர் பக்கம் வீடுகள் விற்றுக்கொடுக்கும் ஒரு தரகரும் வந்தார். சும்மா விலை கேட்டு வைக்கத்தான் என்றான். சும்மா விலை கேட்பதற்கு ஏன் அளக்கிற டேப் என்று நான் கேட்கவில்லை. காபி போட உள்ளே போனபோது சிங்க்குக்கு அடியில் விரித்த தாள் ஓரமாக நனைந்திருந்தது. குழாய் நட்டை அரைச் சுற்று இறுக்கினால் போதும். ஆனால் இருவரும் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் யார் என்று காட்டவேண்டும் என்று ஒரு வீம்பு. ஸ்பேனரைப் போட்டு உடம்பின் பலத்தையெல்லாம் கொடுத்து இறுக்கினேன். பிளாஸ்டிக் நட்டு பட்டென்று பிளந்தது.

தண்ணீர் பீய்ச்சி அடித்தது. என் புடவை, அடுப்பு, எட்டிப்பார்க்க வந்த தரகரின் சட்டை எல்லாம் நனைந்தன. மகன் சிங்க்குக்கு அடியில் கையை வைத்துப் பொத்தப் பார்த்தான். அந்தக் குழாயைக் கையால் பொத்த முடியாது. நான் பின்கதவைத் திறந்து கொல்லைப்புறம் ஓடினேன். வழுக்கி, சுவரைப் பிடித்து, தொட்டியிலிருந்து இறங்குகிற வால்வைப் பிடித்தேன். அது தடையில்லாமல் திரும்பியது. உள்ளே சீறல் அடங்கிச் சொட்டாகி, சொட்டும் அடங்கியது. நான் திரும்பி வருவதற்குள் தரையில் இருந்த தண்ணீரும் ஜாலி வழியாக முக்கால்வாசி போய்விட்டது.

“பரவாலேது ஆன்ட்டி,” என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே தரகர் சட்டையைப் பிழிந்தார். பிறகு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். மகன் நனைந்த கையோடு நடுச் சமையலறையில் நின்றான்.

“வீட்டுக்குள்ள தண்ணி வந்தா வரேன்னு நீதானேம்மா சொன்னே?”

“சொன்னேன். இப்ப மாத்திச் சொல்லுதேன். வரமாட்டேன்.”

“உடைச்சதே நீதான்.”

“ஆமா, நான்தான் உடைச்சேன். அடைச்சதும் நான்தான். உன் வீட்டுல குழாய் உடைஞ்சா எந்த வால்வ மூடணும்னு உனக்குத் தெரியுமால?”

தெரியாது என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது. வென்றுவிட்ட மாதிரி எனக்கு ஒரு நிமிஷம் குஷியாகத்தான் இருந்தது. பிறகு அவன் ஒரு துணியை எடுத்துத் தரையில் மண்டியிட்டு மிச்சத் தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தான். தலை நிமிராமலே பேசினான்.

“ஹவ், ஆமா, தெரியாது. ஆனா வீடு பத்தி இல்லம்மா. இப்ப வெளியே ஓடினியே, அங்க வழுக்கினது எனக்கு ஜன்னல்ல தெரிஞ்சது. சுவத்தைப் பிடிக்காம விழுந்திருந்தா? நான் பெங்களூர்ல இருந்தா எனக்கு யாரு சொல்லுவா?”

இதற்கு என்னிடம் வால்வு எதுவும் இல்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு. குளியலறையில் கால் வைக்கும்போதெல்லாம் உண்டு. அதை அவனிடம் சொன்னேன், முதல்முறையாக. எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு சாவி கொடுத்துவைப்பதாகவும், தினமும் காலை ஏழு மணிக்கு அவனை அழைப்பதாகவும் சொன்னேன். அதற்கு மேல் ஒரு அடி இறங்கமாட்டேன் என்பதையும் சொன்னேன்.

“அப்பவும் நீ விழுந்துட்டேன்னா?” என்று அவன் கேட்டான்.

அவன் கையிலிருந்து துணியை வாங்கிப் பிழிந்தேன்.

“விழுந்தா வாலே. அதுக்கு முன்னாலயே தூக்கிட்டுப் போக வராத.”