பின்பக்கத்து விடை

குருமூர்த்தி படித்தது நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில். கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும் விடையை முதலில் பார்த்துவிட்டு, அங்கே போய்ச் சேரும்படி கணக்கைப் போடுவது அங்கேயே அவனுக்குக் கைவந்த கலையாகிவிட்டது. அதற்கு நூற்றுக்கு நூறு வேறு போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளை கெட்டது அங்கேதான்.

2007இல் அவன் ஜெர்மனியில், டிரெஸ்டனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் குருமூர்த்தி. கார்பன் இழையைத் துணி போல நெய்து, பிசினில் ஊறவைத்து இறுக்கினால் தகடாகிவிடும். விமானத்துக்கும் பந்தயக் காருக்கும் போகிற சரக்கு. அந்தத் தகட்டை இழுத்தால் எந்த இழை முதலில் அறும், விரிசல் எந்தப் பக்கம் ஓடும் என்று கம்ப்யூட்டரிலேயே உடைத்துப் பார்த்துச் சொல்வது அவன் வேலை. அவன் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

எப்படித் தப்பும்? பக்கத்துச் சோதனைக்கூடத்தில் தகட்டை நிஜமாகவே உடைத்து, முடிவு கைக்கு வந்த பிறகுதானே ஐயா கம்ப்யூட்டர் பக்கமே போவார்! விரிசல் இடப்பக்கம் என்றால் இடப்பக்கத்து இழையின் பலத்தைக் கொஞ்சம் குறைப்பான். அப்படியும் ஒத்துவராவிட்டால் பிசினைக் கொஞ்சம் இளக்குவான். கடைசியில் நிஜப் படமும் கம்ப்யூட்டர் படமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மாநாடுகளில் கை தட்டினார்கள். "தகடு உடையறதுக்கு முன்னாடியே இவரு சொல்லிடுவாரு" என்று அவன் மனைவி வசுந்தரா ஊருக்குப் போன் போட்டுப் பெருமையடித்தாள். பாவம், அவள் மனதார நம்பினாள்.

அந்த வருடம் ஒரு நிரந்தர வேலை காலியானது. ஆய்வுக்கூடங்களில் அது குதிரைக்கொம்பு. மூர்த்தியின் ஒப்பந்தமோ அந்த மாதத்தோடு முடிகிறது. வேலை கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். புதிதாக வந்திருந்த பேராசிரியர் மூன்று தகடுகளை மேசையில் வைத்தார். "எங்கே உடையும் என்று தகட்டிலேயே கோடு போடுங்கள். அப்புறம் இழுப்போம். சொன்ன இடத்தில் உடைந்தால் வேலை உங்களுக்குத்தான்" என்றார் சிரித்தபடி.

மூர்த்தி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அது நாளுக்கு ஓரிடத்தைக் காட்டியது. அதில் ஏதோ ஓரிடத்தை மனதில் வைத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்குப் போனான். அங்கே பொறுப்பில் இருந்தவள் தூத்துக்குடிக்காரி, டாக்டர் பேர்பெச்சுவா. தகடு கறுப்பு, கையிலிருந்த மார்க்கரும் கறுப்பு, கோடு தெரியவில்லை. அவசரத்தில், மேசைமேல் கிடந்த எஃகு ஊசியை எடுத்தான். பளிச்சென்று தெரியட்டும் என்று நன்றாக அழுத்தி ஒரு கோடு கிழித்தான்.

பேராசிரியர் முன்னால் இழுத்ததும், முதல் தகடு பட்டென்று அந்தக் கோட்டிலேயே உடைந்தது. பேராசிரியர் மூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை.

பேர்பெச்சுவா உடைந்த முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். "கோடு போடச் சொன்னா தகட்டையே அறுத்து வச்சிருக்கீங்களே மூர்த்தி! கீறின எடத்துல உடையும்னு சொல்ல கம்ப்யூட்டர் எதுக்கு?" என்றாள். அதையே கொஞ்சம் மரியாதையாகப் பேராசிரியருக்கு ஜெர்மனில் சொல்லிவிட்டு, மூர்த்தியிடம் ஒரு வெள்ளைப் பென்சிலை நீட்டினாள்.

இரண்டாவது தகடு வெள்ளைக் கோட்டைச் சட்டை செய்யவில்லை. நாலு விரற்கடை தள்ளி உடைந்தது.

மூர்த்தி அசருகிற ஆளா! ஒரு வாரம் அவகாசம் கேட்டான். கம்ப்யூட்டர் தகட்டிலும் ஒரு கீறல் போட்டான், இழையைத் திருகினான், பிசினை இளக்கினான். வாரக் கடைசியில் இரண்டு தகடுகளும் அச்சு அசலாக உடைந்த படங்களோடு வந்து நின்றான். பேராசிரியர் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"மிக அழகு. மூன்றாவது எங்கே உடையும்? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்றார்.

மூர்த்தி தகட்டை எடுத்துக்கொண்டு நேரே பேர்பெச்சுவாவிடம் போனான். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒரே ஒரு ஹெல்ப். யாருக்கும் தெரியாம இதை ஒரு தடவை இழுத்துப் பாத்துச் சொல்லிடுங்களேன். நான் அப்புறமா கோடு போட்டுத் தந்துடறேன்."

அவள் முதலில் சிரித்தாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இழுத்தா உடைஞ்சிரும் மூர்த்தி. ஒரு தகடு ஒரு தடவைதான் உடையும். உடைஞ்ச தகட்டுல கோடு போட்டு யார்கிட்ட காட்டுவீங்க?"

இது அவனுக்கு நிஜமாகவே தோன்றியிருக்கவில்லை. டாக்டர் பட்டம் வாங்கியவனுக்குத் தோன்றவில்லை என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. வேலை வேறு யாருக்கோ போயிற்று. வீட்டில் வசுந்தரா பெட்டி கட்டும்போது துணிகளுக்கு நடுவே அந்தக் கறுப்புத் தகடு இருந்தது, ஒரு கோடுகூட இல்லாமல்.

"இது எங்கங்க உடையும்?" என்று ஆசையாகக் கேட்டாள்.

மூர்த்தி அதை அவள் கையிலிருந்து வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.