இலை எடுத்த பிறகு ஒட்டிய பெயர்

மங்களம் மாமிக்குக் கல்யாணத்துக்குப் போனால் மணமக்களைப் பார்க்கத் தோன்றாது. யார் வந்தார்கள், யார் வரவில்லை, வந்தவர்களில் யார் யாரோடு பேசவில்லை, சம்பந்தி எந்தப் பந்தியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்தார், இதெல்லாம்தான் அவருக்குக் கல்யாணம். ஊர்வம்பு என்று இதற்குப் பெயர். நான் வைத்த பெயரில்லை, அவர் கணவர் சேஷகிரி வைத்தது. அரசு அலுவலகத்தில் கடைசி நாள்வரை வாயைத் திறக்காமல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மாமி ஜன்னலைத் திறந்தாலே, "அடுத்தாத்து சமாசாரம் நமக்கெதுக்குடி?" என்பார். தொம்மலூரில் எங்கள் சந்து முழுக்க இந்த வசனம் மனப்பாடம்.

எதிர்ச்சாரியில் முனிகிருஷ்ணனின் வீடியோ கடை. தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் நடந்த கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து எதையும் அவர் காமிரா விட்டதில்லை. இரண்டாயிரத்து ஐந்தில் கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தது. பெங்களூர்க் குளிர் மனிதனுக்கு நல்லது, கேசட்டுக்கு ஆகாது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, கேசட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு, கேட்டவர்களுக்கு டிவிடி போட்டுக் கொடுத்தார் முனிகிருஷ்ணன்.

நாள் முழுக்கப் பழைய கல்யாணங்கள் ஓடும் கடை. மாமியால் வீட்டில் இருக்க முடியுமா? வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தவரை, "நின்னுட்டே பாக்கறதுக்கு உள்ள வந்து உக்காந்து, எது சரியா ஓடுது, எது ஓடலன்னு சொல்லுங்க மேடம்" என்று முனிகிருஷ்ணனே நாற்காலி போட்டு வேலையில் சேர்த்துக்கொண்டார். பேரன் எடுத்த வயதில் மாமிக்கு முதல் உத்தியோகம். சேஷகிரி தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் மௌரீன் டிவிடியும் கையுமாக வந்து நின்றாள். அவளும் சிரிலும் கல்யாணம் செய்துகொண்டு பத்து வருடம். காலையில் சர்ச்சில் கல்யாணம், மாலையில் எங்கள் சந்துமுனை மண்டபத்தில் ரிசப்ஷன்.

"அங்கிள், என் கல்யாணத்துல ஐயர் ஹோமம் வளக்கறாரு! மாப்பிள்ளை யாருன்னே தெரியல."

மாமி சிரித்துவிட்டார். மௌரீன் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை அதே மண்டபத்துல ஃபங்ஷன் ஆன்ட்டி. பெரிய ஸ்கிரீன்ல போடணும். அப்பா இப்ப இல்ல. அவரு ஆடினது அந்த வீடியோல மட்டும்தான் இருக்கு. அதைப் பாக்கத்தான் அம்மா கேஜிஎஃப்லருந்து வராங்க."

மாமியின் சிரிப்பு அப்படியே நின்றது. முனிகிருஷ்ணன் பரபரவென்று வேறு சில வீடியோக்களைத் திறந்தார். அறுபதாம் கல்யாணம் என்ற பெயரில் காதுகுத்து. காதுகுத்து என்ற பெயரில் யாருக்கோ நிச்சயதார்த்தம். சில சரியாகவும் இருந்தன, அதுதான் இன்னும் குழப்பியது.

"நானே எடுத்தேன், நானே பேர் வச்சேன், எனக்கே ஒண்ணும் புரியல. ஏனு மாட்றது மேடம், என்ன பண்றது? அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டுர்றேன்."

"அவ அப்பாவைத் தொலைச்சுட்டு மன்னிப்புக் கேட்டா ஆச்சா?" மாமிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "எதைப் பாத்துப் பேர் வெச்சேள்?"

மண்டப வாசலில் தெர்மகோல் எழுத்துகளை வெட்டி ஒட்டிய பலகை இருக்குமே, அதைப் பார்த்துத்தான். வீடியோவின் தொடக்கத்தில் பலகை இல்லையென்றால் கடைசிக்கு ஓட்டினாராம். அங்கே இருந்ததாம். எழுதிக்கொண்டாராம்.

மாமி அந்த ஐயர் கல்யாணத்தை முதலிலிருந்து போடச் சொல்லி உட்கார்ந்தார். முன்பின் தெரியாதவர் கல்யாணத்தை ஒரு நிமிடம்கூட ஓட்டாமல் முழுசாகப் பார்க்கிற பொறுமை வேறு யாருக்கு இருக்கும்? பெண்ணின் அத்தை எதற்கு அழுதாள் என்பதைக்கூட நடுவில் கண்டுபிடித்துவிட்டார். கடைசியில் பந்தி முடிந்து, எச்சில் இலைகளை எடுத்து, மண்டபத்தைப் பெருக்கினார்கள். அதற்கப்புறம் வந்தது பலகை. ஸ்டூல்மேல் நின்ற ஒருவன் சிரில் பெயரின் கடைசி எழுத்தை அப்போதுதான் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்கோ!" என்றார் மாமி. "கல்யாணம் முடிஞ்சு எலை எடுத்தப்புறம் யாராவது வாசல்ல பேர் ஒட்டுவாளா? இது அடுத்து நடக்கப்போற கல்யாணத்தோட போர்டு!"

முனிகிருஷ்ணன் நெற்றியில் பட்டென்று அறைந்துகொண்டார். "ஐயோ மேடம்! முகூர்த்த மாசத்துல ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது. கேசட்ல கொஞ்சம் டேப் மிச்சம் இருக்கும். வேஸ்ட் பண்ணக் கூடாதுன்னு அடுத்தவங்க போர்டை அதுலயே எடுத்துருவேன்!"

இந்த மனிதரின் சிக்கனம் எத்தனை குடும்பங்களை இடம் மாற்றியிருக்கிறது, பாருங்கள். கேசட்டுகளை எடுத்த வரிசையிலேயே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்ததுதான் ஒரே புண்ணியம். அடுத்ததைத் திறந்தார்கள். பெயர், வெங்கடசாமி வீட்டு வளைகாப்பு. உள்ளே வெள்ளை கவுனில் மௌரீன்! கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தொந்தி குலுங்கக் குலுங்க ஆடினார் அவள் அப்பா.

மௌரீன் மாமியைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமியும் அழுதார். அழுகையை முடித்ததும், மற்ற வீடியோக்களையும் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டார். பலகை முன்னால் இருந்தவற்றைத் தொடவில்லை. கடைசியில் இருந்தவற்றின் பெயரை மட்டும் எடுத்து, அதற்கடுத்த வீடியோவுக்குக் கொடுத்தார். அந்த வாரம் தொம்மலூரில் தம்பதிகள் வரிசையாக அவரவர் துணையிடம் திரும்பிச் சேர்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மாமி அழைத்ததற்காக வேண்டாவெறுப்பாக வந்த சேஷகிரியும் முன்வரிசையில் இருந்தார். திரையில் அந்த மனிதர் ஆட ஆரம்பித்ததும் விசில் பறந்தது. மௌரீனின் அம்மா எழுந்து நின்று, அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே கை தட்டினார். மௌரீன் மைக்கைப் பிடித்து, "எங்கப்பாவைக் கண்டுபிடிச்சுக் குடுத்தது மங்களம் ஆன்ட்டி!" என்றதும் மண்டபமே திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. மாமி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து கும்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, நானும் ஒரு விசில் அடித்தேன்.

வீடு திரும்பும்போது அவர்கள் பின்னால்தான் நடந்துகொண்டிருந்தேன். சேஷகிரி இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார்.

"ஏன்டி, அந்த வீடியோல ஊதாக் கோட்டுக்காரர் ஒருத்தர் கேக்கைத் தொடவே இல்லையே. யாரோட மனஸ்தாபம்?"

மாமிக்கு அந்தக் கதை ஆதியோடந்தமாகத் தெரியும், மௌரீன் கடையிலேயே சொல்லிவிட்டாள். நின்று, கணவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்னா, அடுத்தாத்து சமாசாரம் நமக்கெதுக்கு?"