நான் கூப்பிட்டால் வரும் பிழை

என் மருமகளுக்கு வாயை விட விரல்தான் வேகம். முன்னறை ஜன்னலோரம் மேசை போட்டு, ஒரு பேருந்து நிறுவனத்துக்கு நேர அட்டவணை காட்டும் புரோகிராம் எழுதுகிறாள். இரண்டு வருடமாக அவள் வளர்த்த வேலை. எனக்கு எழுத்து வாசனை கிடையாது. நான் சொல்லச் சொல்ல இதை அவளே தட்டுகிறாள். நடுவில் தன்னைப் பற்றி வரும் இடங்களைச் சுருக்கப் பார்க்கிறாள். விடமாட்டேன்.

புரோகிராம் எழுதும் எடிட்டரில் அவள் ஒரு ஆட்-ஆன் சேர்த்து வைத்திருக்கிறாள். நாலெழுத்து தட்டினால் போதும், மீதியை அதுவே ஊகித்து ஒரு பட்டியலை நீட்டும். வேண்டியதில் நிறுத்தி என்டர் தட்டினால் முழுச் சொல்லும் வந்து உட்காரும். போன மாதம் புதிய பதிப்பு வந்ததிலிருந்து அதற்குப் புத்தி பிசகிவிட்டது. புறப்படும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தால், சில சமயம் சேரும் நேரம் போய் உட்கார்ந்தது. பேருந்து கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதாகத் திரை சொன்னது. இரண்டு தடவை இப்படி ஆனது. மேலாளர் போனில் பேசியது அடுப்படி வரை கேட்டது.

“இன்னொரு தடவை வந்தா இந்த வேலையை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியும்.

ஆட்-ஆனை எழுதியவருக்குப் புகார் அனுப்பினாள். என்ன செய்தபோது வந்தது, ஒன்று விடாமல் எழுதுங்கள் என்றார். எழுதினாள். அப்படியே செய்து பார்த்தேன், எனக்கு வரவில்லை என்று புகாரை மூடிவிட்டார். மறுபடி எழுதினாள். மறுபடி மூடினார்.

“எப்ப வருதுன்னு உனக்குமா தெரியலை?”

“தெரிஞ்சா சொல்ல மாட்டேனா அத்தை?”

அதையும் பார்த்துவிடுவோம் என்று, உரிக்க வேண்டிய பட்டாணியோடு அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காலை முழுவதும் ஒரு பிழையும் வரவில்லை.

“பாத்தியா, எனக்குப் பயந்துடுச்சு.”

அந்தப் பெருமையிலேயே குளிக்கப் போனவள் துண்டை மறந்துவிட்டேன். கூப்பிட்டேன். தட்டிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்து கொடுத்தாள். திரும்பிப் போய் என்டர் தட்டியதுதான் தாமதம், ஒரு கூச்சல்.

“அத்தை! நீங்க கூப்பிட்டாதான் வருது!”

ஈரத் தலையோடு போய் நின்றேன். “ஏம்மா, ஒரு துண்டு கேட்டது குத்தமா?”

அப்படியில்லையாம். பட்டியலைத் திறந்தபடி விட்டு அவள் எழுந்து போனால், உள்ளே வரிசை மாறிவிடுகிறதாம். திரை மட்டும் பழைய வரிசையையே காட்டிக்கொண்டு நிற்கிறதாம். நான் நம்பவில்லை. அடுப்படியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் வந்தது. காலையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தபோது நான் எதற்குக் கூப்பிடப் போகிறேன்?

புகாரை மூன்றாம் முறை எழுதும்போது சத்தமாகப் படித்தாள். “நாலாவது படி: மாமியார் கூப்பிட வேண்டும்.”

“அதை எடு. யாரோ கூப்பிட்டாங்கன்னு போடு.”

“ஒண்ணு விடாம எழுதச் சொல்லியிருக்காரே.”

“அப்ப, நியாயமான காரணத்துக்குக் கூப்பிட்டாங்கன்னு சேர்த்துப் போடு.”

சேர்த்துப் போட்டதாகச் சொன்னாள். எனக்கென்ன தெரியும்!

மறுநாள் பதில் வந்தது. “எனக்கு மாமியார் இல்லை. அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். பிழை வந்துவிட்டது. மன்னிக்கவும்.” அந்த வாரமே சரிசெய்து அனுப்பினார். அந்தப் பதிலை மருமகள் மேலாளருக்குக் காட்டினாள். வேலை அவளிடமே இருக்கிறது.

இப்போது ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கிறாள்.

“அத்தை, ஒரு தடவை கூப்பிடுங்களேன், சோதிக்கணும்.”

சும்மா எல்லாம் கூப்பிட மாட்டேன். ஏதாவது வேலை வரட்டும், கூப்பிடுகிறேன்.